தோலைப் பார்த்துச் சொல்பவர்

2001 அக்டோபரில் அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு விசித்திரமான அரிப்பு கிளம்பியது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்கள் தபாலில் போய்க்கொண்டிருந்தன. அவற்றால் 22 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள். அந்த 22 பேரில் பாதிப் பேருக்கு நோய் வந்தது தோலில். அப்படியொரு நேரத்தில் பிள்ளைகளின் கன்னத்திலும் கையிலும் காரணம் தெரியாத சிவப்புத் தடிப்பு என்றால் எந்தப் பெற்றோருக்குத் தூக்கம் வரும்?

2002 பிப்ரவரி முடிவதற்குள் 14 மாநிலங்களிலிருந்து செய்தி வந்துவிட்டது. ஜூன் தொடக்கத்தில் அது 27 மாநிலங்களானது. சில பள்ளிகளில் ஒரு வகுப்போடு நின்றது, சில இடங்களில் நூற்றுக்கணக்கில் போனது. அரித்தது, சிவந்தது, பல பிள்ளைகளுக்குச் சில மணி நேரத்தில் தானாகவே அடங்கியும் போனது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தது. ஆங்காங்கே ஒரு காரணம் பேசப்பட்டதே தவிர, அத்தனையையும் ஒன்றாகக் கட்டும் ஒரே காரணம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளுக்குத் தினமும் போய்வரும் நாட்டில் பலவகைத் தடிப்புகள் எந்தப் பருவத்திலும் தென்படத்தான் செய்யும் என்று அந்த மையம் எழுதியது. ஊரே தோலை உற்றுப் பார்க்க ஆரம்பித்த பருவம் அது.

ஆய்வகமும் பத்திரிகையும் வந்து சேர்வதற்கு முன்பே அந்தத் தோலை முதலில் பார்த்தவர் ஒருவர் உண்டு: பள்ளிச் செவிலியர். அவர் கையில் நுண்ணோக்கி கிடையாது. அறை வாசலில் பிள்ளை நிற்கிறது, வகுப்பாசிரியர் பதிலுக்குக் காத்திருக்கிறார், தாய் தொலைபேசியில் இருக்கிறார். அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாதபோது ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? கிருமி என்ற ஒன்றை மனிதர்கள் அறிவதற்கு வெகுகாலம் முன்பே மதநூல்களும் தத்துவவாதிகளும் மல்லுக்கட்டிய கேள்வி இது. அதுவும் தோலை முன்னிட்டே மல்லுக்கட்டினார்கள்.

முதலில் அந்த அறைக்குள் போவோம். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதுப் பையன் வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நல்ல செவிலியர் ‘இது என்ன நோய்’ என்று ஆரம்பிப்பதில்லை. காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு இழுக்கிறதா, உதடோ நாக்கோ வீங்குகிறதா, கழுத்தை வளைக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துத் தடிப்பின்மேல் பக்கவாட்டில் அழுத்துவார். கண்ணாடி வழியே பார்க்கும்போது நிறம் மறைந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். காய்ச்சலும் இருந்து நிறம் மறையாமல் புள்ளி புள்ளியாக அப்படியே நின்றால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக அது இருக்கலாம் என்பதால் உடனே ஆம்புலன்ஸ். அந்த அவசரம் இல்லையென்றால், பேனாவால் தடிப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியைக் குறிப்பார். ஒரு மணி நேரம் கழித்துத் தடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க அது உதவும். காலையில் என்ன சாப்பிட்டான், வீட்டில் சோப்பு மாற்றினார்களா, புது மாத்திரை ஏதாவதா, நேற்று எந்தப் புதரில் பந்து பொறுக்கினான், வகுப்பில் இன்னும் யாருக்கு என்ற கேள்விகளெல்லாம் அந்த இடைவெளியில் வரும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் காரணம் தெரியாமலே போகலாம். ஆனால் செய்ய வேண்டியது தெரிந்துவிடும்: வகுப்புக்கா, வீட்டுக்கா, மருத்துவமனைக்கா.

கிரேக்கத்தில் இதற்கென்றே ஒரு தத்துவம் இருந்தது. செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்பவர் ஐயவாதத்தின் பெரிய எழுத்தாளர், தொழிலால் மருத்துவர். கண்ணுக்குத் தெரிவதைப் பின்பற்று, தெரியாததைப் பற்றித் தீர்ப்பை நிறுத்திவை என்பது அவர் வழி. அந்தக் காலத்தில் ஒரு மருத்துவப் பிரிவினர், நோயின் மறைவான காரணங்களை அறியவே முடியாது என்று அடித்துச் சொல்லிவந்தார்கள். ஐயவாதியான செக்ஸ்டஸ் அவர்கள் பக்கம் சேர்ந்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் சேரவில்லை. அறியவே முடியாது என்பதும் ஒரு துணிந்த தீர்ப்புதானே என்று கேட்டார். 2002-இல் நடந்த தவறு இதுதான். காரணம் கிடைக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை, காரணமே இல்லை, எல்லாம் பிள்ளைகளின் மனப் பிரமை என்று பலர் வாசித்தார்கள். கூட்டமாகப் பரவும் பதற்றம் உடம்பில் அறிகுறியாக வெளிப்படுவது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. சில பள்ளிகளில் அதுவும் நடந்திருக்கலாம். ஆனால் அதையும் தடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறெதுவும் கிடைக்கவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது.

விவிலியத்தின் லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தைப் பக்தி நூலாக மட்டும் வாசித்தவர்களுக்கு அதன் வறட்டுத்தனம் சலிப்பூட்டும். ஒரு பள்ளிச் செவிலியர் வாசித்தால் நிமிர்ந்து உட்காருவார். ஒருவன் தோலில் தடிப்போ, அசறோ, வெள்ளைப் படரோ தெரிந்தால் அவனை ஆசாரியனிடம், அதாவது மதகுருவிடம், கூட்டிவர வேண்டும். ஆசாரியன் அந்த இடத்து முடி வெளுத்திருக்கிறதா, புண் தோலைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா என்று பார்ப்பான். இரண்டும் இல்லையென்றால் தீர்ப்புச் சொல்லாமல் ஏழு நாள் அடைத்துவைத்து, ஏழாம் நாள் மறுபடி பார்ப்பான். பரவாமல் இருந்தால் இன்னும் ஏழு நாள். அப்போது மங்கிப்போயிருந்தால் ‘சுத்தம்’ என்று சொல்லி, உடுப்பைத் துவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்வான். மருந்து என்ற பேச்சே அதிகாரம் முழுவதும் இல்லை. ஏன் வந்தது என்ற விசாரணையும் அங்கே இல்லை. பார்ப்பது, நாள் குறிப்பது, திரும்பப் பார்ப்பது என்பதோடு சரி. பேனாக் கோடு இல்லையே தவிர, மீதி எல்லாம் இருக்கிறது.

அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் கொடுமையும் இருக்கிறது. அசுத்தன் என்று முடிவானவன் கிழிந்த உடுப்போடு, தலைமுடி கலைந்து, வாயை மூடிக்கொண்டு, தானே தன்னைத் தீட்டு தீட்டு என்று கூவியபடி பாளையத்துக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். அங்கே சொல்லப்படும் தோல் அடையாளங்கள் இன்றைய தொழுநோயோடு பொருந்துவதில்லை என்பதை மருத்துவ வரலாற்றாளர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் அந்த வசனங்களின் பாரத்தைச் சுமந்தவர்கள் தொழுநோயாளிகள்தான்.

யூத மத அறிஞர்களான ரபிகள் இந்தச் சட்டத்தை எடுத்து, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் ‘நெகாயிம்’ என்று ஒரு தனிப் பகுதியே எழுதினார்கள். அதில் அவர்கள் கவலைப்பட்டது நோயாளியைப் பற்றி மட்டுமில்லை, பார்ப்பவனின் கண்ணைப் பற்றியும். அதிகாலையில் பார்க்காதே, அந்தி நேரத்தில் பார்க்காதே, மேகம் மூடிய நாளில் பார்க்காதே. ஒற்றைக் கண் உள்ள ஆசாரியன் பார்க்கக்கூடாது. யாரும் தன் தோலைத் தானே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சொந்தக்காரரின் தோலைக்கூடப் பார்க்கக்கூடாது என்றார் ரபி மேயிர். புது மாப்பிள்ளைக்குக் கல்யாண விருந்து நடக்கும் ஏழு நாளும் சோதனை கிடையாது; பண்டிகைக் காலத்திலும் அப்படியே. அதாவது, ஆசாரியன் வாய் திறந்து சொல்லும்வரை அவன் அசுத்தன் ஆவதில்லை. நோய்த் தடுப்பு மட்டும்தான் நோக்கமென்றால் கல்யாண வீட்டுக் கூட்டத்தில்தானே முதலில் சோதித்திருக்க வேண்டும்! ஒரு மனிதனை விலக்கிவைப்பது சொல்லால் நடக்கும் காரியம், அந்தச் சொல்லை எப்போது சொல்வது என்பதில் இரக்கத்துக்கு இடமுண்டு என்பதை ரபிகள் புரிந்துவைத்திருந்தார்கள்.

அவர்கள் பேசிய இன்னொரு விஷயம் இதைவிட வியப்பானது. ஒரே வெள்ளைப் புள்ளி, வெளுத்த ஜெர்மானியன் தோலில் மங்கலாகவும், கறுத்த எத்தியோப்பியன் தோலில் பளிச்சென்றும் தெரியும் என்று மிஷ்னா குறித்துவைத்திருக்கிறது. நாம் கறுப்புமில்லை வெள்ளையுமில்லை, இடைப்பட்ட மர நிறம் என்கிறார் ரபி இஸ்மவேல். யாருடைய தோலை அளவுகோலாக வைத்துப் பார்ப்பது என்று அங்கே விவாதமே நடக்கிறது.

அந்த விவாதத்தை நவீன மருத்துவம் பதினெட்டு நூற்றாண்டு கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தது. மருத்துவப் பாடநூல்களில் தோல் நோய்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. ‘சிவந்த தடிப்பு’ என்று பாடம் சொல்லும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது ஊதாவாகவோ, கருத்த பழுப்பாகவோ, சில நேரம் வெறும் மேடாகவோதான் தெரியும். லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020-இல் கறுப்பு, பழுப்புத் தோல்களில் நோய் அடையாளங்கள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடு வெளியிட்டார். ஒரு மாணவர் அதைச் செய்யும்வரை காத்திருந்தது மருத்துவ உலகத்துக்கு அழகில்லை. கண்ணாடித் தம்ளர் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. கறுத்த தோலில் புள்ளிகள் எளிதில் தெரியாது என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் என்று வெளுத்த இடங்களில் தேட வேண்டும். இது தெரியாத செவிலியர் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடக்கூடும்.

தெரியாததை நிரப்ப மனிதர்கள் கதை தேடுவார்கள். அதிலும் எளிதாகக் கிடைக்கும் கதை பாவம்.

விவிலியத்தின் எண்ணாகமத்தில் மோசேயின் உடன்பிறந்த மிரியாமும் ஆரோனும் சேர்ந்து, அவர் எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள். தோல் வெளுத்துப்போனது மிரியாமுக்கு மட்டும். கூடவே பேசிய ஆரோனுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை! பிற்கால ரபிகள் இதிலிருந்து, தோல் வெண்மை புறங்கூறியதற்குத் தண்டனை என்று ஒரு பொது விதியையே எடுத்துவிட்டார்கள். ஆசாரியன் வெறுமனே பார்த்த இடத்தில் இவர்கள் குற்றம் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதே கதையில் பலர் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது. மிரியாம் ஏழு நாள் வெளியே இருந்தாள்; அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை மக்கள் கூட்டம் முழுவதும் பயணம் புறப்படாமல் காத்திருந்தது.

விவிலியத்தின் யோபு புத்தகத்தில், யோபுவின் நண்பர்கள் முதலில் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் ஏழு நாள் பேசாமல் இருந்தார்கள். வாய் திறந்ததும் கெட்டது. நீ ஏதோ செய்திருப்பாய், இல்லையென்றால் இது வந்திருக்காது என்று ஆளுக்கு ஆள் விளக்கினார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது விளக்கம் சொன்ன அந்த நண்பர்களிடம். வாசகனுக்கு முதல் அதிகாரங்களிலேயே தெரிந்த காரணத்தை யோபுவிடம் கடவுள் கடைசிவரை சொல்வதுமில்லை.

இன்றைய பள்ளியில் யாரும் பாவம் என்று சொல்வதில்லை. ‘சுத்தமில்லாத வீடு’ என்பார்கள், ‘பாடத்துக்குப் பயந்து நடிக்கிறான்’ என்பார்கள். சில நேரம் இதைவிடப் பெரிய கதை எழும். வியட்நாமிய வீடுகளில் காய்ச்சல் வந்த பிள்ளையின் முதுகில் தைலம் தடவி நாணயத்தால் தேய்ப்பது வழக்கம். வரி வரியாகச் சிவந்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் விளையாடினால் விரல் பதிந்ததுபோல் கருத்த தழும்பு வரும். பல ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இடுப்பில் பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். இம்மூன்றையும் பெற்றோர் அடித்த காயமென்று எடுத்துக்கொண்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உண்மையிலேயே அடிபட்ட பிள்ளையும் இதே அறைக்குத்தான் வருகிறது என்பதால் செவிலியருக்கு இதில் வசதியான பக்கம் எதுவும் கிடையாது. அளவு, நிறம், இடம், பிள்ளை சொன்ன வார்த்தை ஆகியவற்றை அப்படியே எழுதிவைப்பதும், சந்தேகத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதும், தீர்ப்பைத் தான் எழுதாமல் இருப்பதும்தான் அவர் செய்யக்கூடியது.

விலக்கி வைப்பதால் என்ன கிடைக்கிறது என்பதை நியூயார்க் நகரம் ஒருமுறை கணக்குப் போட்டே பார்த்தது. 1897 முதல் அங்கே மருத்துவர்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, படை, சொறி, சிரங்கு, கண்ணோய் என்று கண்டவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சீட்டு. வாங்கிய தாய்மார்கள் பலருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மாலையானால் அதே பிள்ளைகள் அதே தெருவில் பள்ளிக்கூட நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்த நகரில் ஏழைகளுக்குச் செவிலிய சேவை நடத்திய லிலியன் வால்ட், தலையில் இருந்த புண்ணால் பள்ளி வாசலையே தாண்டாத 12 வயதுப் பையன் ஒருவனைப் பற்றித் தன் நூலில் எழுதியிருக்கிறார். அவன் போகும்போதெல்லாம் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். களிம்பை ஒழுங்காகப் போட்டுவிட ஓர் ஆள் இருந்ததும் புண் ஆறியது, பையன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பள்ளியில் சேர்ந்தான். 1902 அக்டோபரில் வால்டின் அமைப்பிலிருந்து லீனா ராஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளுக்குச் சோதனை முயற்சியாகப் போனார். அங்கேயே மருந்து போட்டார், வீடுகளுக்கு நடந்து போய்த் தாய்மாருக்குச் செய்துகாட்டினார். நகரம் உடனே மேலும் செவிலியர்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் விலக்கி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த செப்டம்பரில் 1,101.

விலக்குவதற்கு மருத்துவ நியாயமும் பல நேரம் இருப்பதில்லை. கன்னத்தில் அறைந்தாற்போல் சிவக்கும் ‘ஐந்தாம் நோய்’ என்ற வைரஸ் நோயில், கன்னம் சிவக்கும்போது தொற்றும் காலம் அநேகமாக முடிந்துவிட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத நாட்களில் வகுப்பில் இருந்தவனை, தெரிந்த நாளில் வெளியே அனுப்பி என்ன பயன்? சின்னம்மை வேறு கணக்கு; கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும், வீட்டில் இருக்கத்தான் வேண்டும்.

சின்னம்மை என்றதும் தமிழ் வாசகருக்கு வாசலில் செருகிய வேப்பிலை நினைவுக்கு வரும். மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தாளிப்பை நிறுத்தி, வெளியாள் வருவதைத் தடுத்து, நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைத் திரும்ப வெளியே விடும் முறை இது. இங்கே நோய் வந்த பிள்ளை குற்றவாளி ஆவதில்லை. அம்மன் இறங்கிய உடம்பு என்று மரியாதை கிடைக்கிறது. தனிமைப்படுத்தலும் நடந்துவிடுகிறது, திரும்பச் சேர்ப்பதற்குச் சடங்கும் இருக்கிறது. லேவியராகமத்திலும் குணமானவனைத் திரும்பச் சேர்க்க அடுத்த அதிகாரத்தில் நீண்ட சடங்கு உண்டு. ஆனால் அம்மன் கோபிப்பாள் என்று காய்ச்சல் ஏறிய பிள்ளைக்கும் மருந்து தராமல் வைத்திருந்த வீடுகளும் உண்டு. மரியாதையான கதையும் கதைதான். காணாக்கடிக்கு மந்திரிப்பதும், அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வதும் பெரும்பாலும் கெடுதல் செய்யாதவை. கன்னத்தில் வெளுத்த தேமலைக் கண்டால் ‘வயிற்றில் பூச்சி’ என்று முடிவு கட்டுவது அப்படியில்லை. அநேகம் பிள்ளைகளுக்கு அது வறண்ட தோலில் வந்துபோகும் வெளுப்பு. எங்கோ ஒரு பிள்ளைக்குத் தொழுநோயின் முதல் திட்டாகவும் இருக்கும். பஞ்சை மெல்லிய திரியாகத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, திட்டின்மேல் தொட்டு, எங்கே தொடுகிறேன் காட்டு என்றால் போதும். உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். கூட்டு மருந்தால் முழுக்கக் குணமாகிற இந்த நோய்க்காக மனிதர்களை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியா 2016-இல்தான் நீக்கியது.

அந்தப் பஞ்சுத் திரியைத் திரிக்க நம் பள்ளிகளில் யார் இருக்கிறார்கள்? 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய குழு வேனில் வந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கிறது. அதன் பட்டியலில் சொறி, படை, கரப்பான் எல்லாம் இருக்கின்றன, தொழுநோயும் இருக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் குழு பள்ளிக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் பிள்ளையின் தடிப்பைப் பார்ப்பவர் கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு வரும் ஆசிரியர். அவருக்கு யாரும் இதைக் கற்றுத்தரவில்லை. லேவியராகமத்து ஆசாரியன்கூட ஏழாம் நாள் திரும்பி வந்தான். நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்காவது, வாரம் ஒருமுறை வந்து, போன வாரம் பார்த்த தோலை மறுபடி பார்க்க ஒரு செவிலியரை அரசு நியமிக்க வேண்டும். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கழிப்பறை, சத்துணவு பற்றிக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.